அத்திப்பழமும் சொத்தைப் பல்லும்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எழுபதைத் தாண்டிய எனக்குச் சொல் இன்னும் போகவில்லை. பற்களில் பாதி போய்விட்டன. அதனாலோ என்னவோ, பழைய கிரேக்க மருத்துவம் பற்றிப் படிக்கும்போது பல்வலி வந்த பக்கத்தில் அப்படியே நின்றுவிடுகிறேன்.

பல் ஏன் சொத்தையாகிறது? கிரேக்கர்களுக்கு முன்பே பாபிலோனியர்கள் ஒரு விடை வைத்திருந்தார்கள்: புழு. களிமண் பலகையில் எழுதிய அவர்களுடைய மந்திரம் ஒன்றில் கடவுள் புழுவுக்குப் பழுத்த அத்திப்பழம் தருகிறார். புழுவோ அது வேண்டாம், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் குடியிருக்க இடம் கொடு என்கிறது. நாமும் 'பல்லில் பூச்சி' என்றுதானே சொல்கிறோம்? கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு வாய்க்குள் புகை காட்டிக்கொண்டவர்களை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

ஹிப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கும் நூல்களில் பல்வலி பற்றிச் சொல்லும் ஓர் இடத்தில் புழுவும் இல்லை, தெய்வக் கோபமும் இல்லை. இயற்கையிலேயே பலவீனமாகவும், ஈறில் சரியாக ஊன்றாமலும் இருக்கும் பற்களைக் கபமும் உணவும் சேர்ந்து அரிக்கின்றன என்கிறது அந்த நூல். சொத்தையாகி ஆடும் பல்லைப் பிடுங்கு. சொத்தையும் இல்லை, ஆட்டமும் இல்லை, வலி மட்டும் என்றால் சூடு போட்டு உலர்த்து என்பது வைத்தியம்.

இன்னொரு நூலில், பல்வலியால் துடித்த ஒரு பெண்ணுக்கு, பீவர் என்ற விலங்கிலிருந்து எடுக்கும் மருந்தோடு மிளகும் சேர்த்து வாயில் வைத்துக் கொப்பளிக்கக் கொடுத்தார்கள் என்று வருகிறது. மிளகுக்கான 'பெப்பெரி' என்ற கிரேக்கச் சொல்லே இந்தியாவின் 'பிப்பலி'யிலிருந்து போனது. நம் திப்பிலிதான் அது.

பல் பிடுங்குவது அன்று உயிர்போகும் காரியமாகக்கூட முடியும். டெல்ஃபியில் அப்போலோ கோயிலில் ஈயத்தால் செய்த பல் குறடு ஒன்று இருந்ததாக எராசிஸ்ட்ரேட்டஸ் என்ற வைத்தியர் சொன்னதாகக் குறிப்பு உண்டு. ஈயம் வளையும் உலோகம். அந்தக் குறடுக்கு வருகிற அளவு ஆடும் பல்லை மட்டும் பிடுங்கு என்பதுதான் அதன் பொருளாம். எவ்வளவு நல்ல எச்சரிக்கை!

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. அரிஸ்டாட்டில் பெயரில் 'பிராப்ளமட்டா' என்று ஒரு கேள்விபதில் தொகுப்பு உண்டு. அவர் வழிவந்தவர்கள் சேர்த்தது என்பது அறிஞர் கருத்து. அதில் ஒரு கேள்வி: அத்திப்பழம் மெத்தென்று, இனிப்பாக இருக்கிறது, பின் ஏன் பல்லைக் கெடுக்கிறது? பதில்: அது பிசுபிசுப்பாகப் பல்லிடுக்கில் புகுந்து ஒட்டிக்கொண்டு அழுகலை உண்டாக்குவதாலோ, அல்லது அதன் விதைகள் கடினமாக இருப்பதாலோ இருக்கலாம்.

விதை தவறு. ஆனால் ஒட்டும் இனிப்பைக் கண்ணால் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள்! இருந்தும் அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. கபம், பித்தம் என்ற கணக்கில் எல்லா நோய்க்கும் விடை கிடைத்துவிடும்போது, இடுக்கில் ஒட்டியதை யார் தேடுவார்கள்? கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய வைத்தியர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் மறுபடியும் புழுவை விரட்டப் புகை போட்டார்.

1728இல் பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார், தாம் தேடியும் புழு கண்ணில் படவில்லை என்று எழுதினார். 1890இல்தான் பெர்லினில் இருந்த அமெரிக்கர் வில்லோபி மில்லர் முழு விடையை நூலாக வெளியிட்டார்: பல்லில் தங்கும் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் வாயிலுள்ள கிருமிகள் புளிக்கவைக்கின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. இடையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் எத்தனை பேர் வலியில் துடித்தார்களோ!

பேரப்பிள்ளைகளிடம் 'பூச்சி வரும்' என்று பயமுறுத்த வேண்டாம். உலர்ந்த அத்திப்பழம் ஒன்றைத் தின்னக் கொடுத்து, நாக்கால் பல்லிடுக்கைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் வாய் கொப்பளிக்கச் சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.