ஸ்னேப் மால்டிங்ஸ் இசை அரங்கம்

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், ஆல்டு ஆற்றங்கரையில் ஸ்னேப் என்னும் ஊரில் உள்ள இசை அரங்கம். 19ஆம் நூற்றாண்டில் நியூசன் காரெட் என்ற வணிகர் கட்டிய மால்ட் ஆலையின் ஒரு பகுதி இது. பீர் வடிப்பதற்காக இங்கே பார்லியை முளைகட்டி, சூளையில் உலர்த்தினார்கள். 1965இல் ஆலை மூடப்பட்டது.

1948இல் தொடங்கிய ஆல்ட்பரோ இசைவிழாவுக்குப் பெரிய இடம் தேடிய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் பாடகர் பீட்டர் பியர்ஸும் இதைத் தேர்ந்தெடுத்தனர். அரூப் அசோசியேட்ஸ் நிறுவனத்தின் டெரிக் சக்டன் பழைய செங்கல் சுவர்களைப் பூச்சில்லாமல் விட்டு, மேலே உயரமான மரக்கூரை அமைத்தார். கூரை உச்சியிலுள்ள காற்றுப்போக்கிகள் பழைய சூளையை நினைவூட்டும். அரங்கின் உண்மையான பெருமை அதன் ஒலிநயமே: சுமார் 800 பேர் அமரும் இந்தக் கூடத்தில் செங்கல்லும் மரமும் சேர்ந்து ஒலிக்குத் தரும் கனிவும் தெளிவும் புதிய அரங்குகள் பலவற்றிலும் வாய்ப்பது அரிது.

1967இல் இரண்டாம் எலிசபெத் அரசி திறந்துவைத்தார். 1969 விழாவின் முதல் இரவிலேயே தீயில் எரிந்தது, எஞ்சியவை வெளிச்சுவர்கள்தாம். அவ்வாண்டு மோட்சார்ட்டின் 'இதோமெனியோ' ஓபரா பிளைத்பரோ தேவாலயத்துக்கு மாற்றப்பட்டது. ஓராண்டுக்குள் அரங்கம் மீண்டும் எழுந்தது. 1970இல் அரசியே மறுபடியும் வந்து திறந்தார். பிரிட்டனின் கடைசி ஓபராவான 'டெத் இன் வெனிஸ்' 1973இல் இங்குதான் அரங்கேறியது.