வட திருநெல்வேலிச் சுற்றுப்பயண மிஷனும் மீட்புக் கொள்கையும்

இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, ராஜபாளையம், சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த 1854-ஆம் ஆண்டில், சர்ச் மிஷனரி சங்கத்தின் தாமஸ் ராக்லண்ட், டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகியோர் தொடங்கிய நற்செய்திப் பணி இது. ஊர்ப்புறத்தில் கூடாரமடித்துத் தங்கிய இவர்களுடன், தென்பகுதிச் சபைகள் முறைவைத்து அனுப்பிய உபதேசியார்களும் ஊர் ஊராகப் போதித்தனர். ராக்லண்ட் 1858-இல் சிவகாசியில் காலமானார்.

இம்மூவரைப் போன்ற ஆங்கிலிக்கக் குருமார் ஏற்கும் 39 விதிகளில் பத்தாவது, பாவத்தில் வீழ்ந்த மனிதன் தன் இயல்பான வலிமையால் மட்டும் கடவுளிடம் திரும்ப இயலாதென்றும், அவனுடைய விருப்பத்துக்கு முன்பாகவே கிருபை, அதாவது தகுதி பாராத இறையருள், வந்து அவனை அசைக்கவேண்டுமென்றும் கூறுகிறது; பன்னிரண்டாவதோ நற்செயல்களை மீட்புக்கான விலையாகக் கொள்ளாமல் விசுவாசத்தின் கனியாகக் கொள்கிறது. அப்படியானால் மனந்திரும்பும்படி கேட்போரை வற்புறுத்துவது ஏன் என்னும் வினாவுக்கு, பிரசங்கமே கிருபை செயற்படும் வழி என்பது சீர்திருத்தச் சபைகளின் வழக்கமான விடை. அது சிக்கலை முழுதும் அவிழ்ப்பதில்லை.

ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு இவ்வினா புதிதன்று. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் முறையே காட்டி வைணவத்தின் வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டது, உயிரின் முயற்சிக்கும் அருளுக்கும் உள்ள உறவைப் பற்றியே. ஆயினும் வைணவச் சரணாகதியில், கிறிஸ்துவின் சிலுவைப் பலிக்கு ஈடான கருத்து இல்லை.