பொழுதுபோக்குச் சிகிச்சை: இளங்கலைப் படிப்பு

நோயினாலோ விபத்தினாலோ பிறவிக் குறையினாலோ சரீர பலத்தையும் மனோதிடத்தையும் இழந்து நிற்பவர்களுக்கு, விளையாட்டு, சங்கீதம், தோட்டவேலை, நீச்சல், சித்திரம், கைவேலை முதலியவற்றை வைத்தியத்தின் ஓர் அங்கமாகவே திட்டமிட்டு அளிக்கும் தொழில், பொழுதுபோக்குச் சிகிச்சை எனப்படும். அத்தொழிலுக்கு ஆட்களைப் பயிற்றும் நான்காண்டு இளங்கலைப் படிப்பு, முக்கியமாக அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் உள்ள சர்வகலாசாலைகளில் நடைபெற்று வருகிறது. பெயரைக் கேட்டவுடன், வேலையற்ற நேரத்தை எப்படியாவது கழித்துவிடும் உபாயம் என்று நினைப்பது எளிது; அங்கே அதைப் படிக்க வரும் மாணவர்களும், 'விளையாடுவதற்கும் ஒரு பட்டமா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

ஒரே சுவரை நாள் முழுதும் பார்த்துக் கிடக்கும் நோயாளிக்கு நிறத்திலும் வடிவத்திலும் மாறுதல் வேண்டும் என்று பிளாரென்ஸ் நைட்டிங்கேல் 1859-இலேயே எழுதியிருக்கிறார். முதல் உலக யுத்தத்தின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தார் ராணுவ வைத்தியசாலைகளில் விளையாட்டும் கேளிக்கையும் நடத்தினர். கான்ஸாஸ் ராஜ்யத்து டொப்பீக்கா நகரில் மனநோய் வைத்தியம் செய்துவந்த மெனிஞ்சர் சகோதரர்கள், விளையாட்டைச் சிகிச்சைக்கே கருவியாக்கினர். ஆனால் இத்துறையின் மற்றொரு வேர், நகரத்துப் பூங்காக்களையும் விளையாட்டு மைதானங்களையும் நிர்வகித்த இயக்கத்தில் இருக்கிறது. ஆகையால்தான் கனடாவின் டல்ஹௌஸி சர்வகலாசாலையில் சுகாதாரத் துறையின்கீழ் இருக்கும் இந்தப் படிப்பு, தென் கரோலினாவின் கிளெம்ஸனில் பூங்கா, சுற்றுலா நிர்வாகத்தோடு ஒரே கூரையின்கீழ் இருக்கிறது. நோயைத் தணிப்பதற்கு விளையாட்டு ஒரு கருவி மட்டுமா, அல்லது விளையாடி மகிழ்வதே நோயாளியும் பெறவேண்டிய பயனா என்ற பழைய வழக்கு இந்த இரட்டைப் பிறப்பிலிருந்து எழுந்ததே. அமெரிக்காவில் பூங்காத் துறையினரின் சங்கத்துக்குக் கிளையாக 1966-இல் தோன்றிய தேசியச் சங்கம் ஒன்றிருக்க, சிகிச்சை நோக்கையே வற்புறுத்தியவர்கள் 1984-இல் தனிச் சங்கம் கண்டனர்.

பாடத்திட்டத்தில் அந்த வழக்கின் இரு தரப்புக்கும் இடம் உண்டு. உடலமைப்பியலும் உடலியங்கியலும், பிறப்பு முதல் முதுமை வரையிலான மனித வளர்ச்சி, பிறழ்நிலை மனோதத்துவம் ஆகியவை அஸ்திவாரம். அவற்றின்மேல் கட்டப்படும் சிறப்புப் பாடங்களின் சாரம், மதிப்பிடுதல், திட்டமிடுதல், நடத்துதல், பயனை அளத்தல் என்ற நான்கு படிகளில் அடங்கிவிடும். பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்த ஒரு முதியவரைத் தோட்டத்தில் உட்காரவைத்து நாற்று நடச் சொல்வதை யாரும் செய்யலாம். ஆனால் அவர் முன்பு எதில் ஈடுபாடு கொண்டிருந்தார் என்று விசாரித்து, விரல்களின் பிடியும் கவனத்தின் நீளமும் இன்று எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, இத்தனை வாரத்தில் இத்தனை நாற்று என்று இலக்கு வைத்து, முடிவில் எட்டியதையும் எட்டாததையும் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதும்போதுதான் அதே தோட்டவேலை சிகிச்சையாகிறது. இந்தப் பேதத்தை உணர்த்துவதற்கே நான்கு ஆண்டுகளும் என்று சொன்னால் மிகையில்லை. ஸ்கௌட் லீ கன், கரோல் ஆன் பீட்டர்சன் இருவரும் 1978-இல் வெளியிட்ட பாடநூலின் வழியாகப் பரவிய கொள்கை, சிகிச்சை, ஓய்வுக் கல்வி, சுயேச்சையான பங்கேற்பு என்ற மூன்று நிலைகளை வகுக்கிறது; நோயாளி ஒவ்வொரு நிலையாக முன்னேற, சிகிச்சையாளரின் அதிகாரம் படிப்படியாகக் குறையவேண்டும் என்பதே அதன் உயிர்நிலை.

ஏட்டுப் படிப்பைவிடக் கடினமானது இறுதியில் வரும் களப்பயிற்சி. 1981-இல் அமெரிக்காவில் அமைக்கப்பட்ட தேசியச் சான்றளிப்புக் கழகத்தின் விதிப்படி, மாணவர் சான்று பெற்ற நிபுணர் ஒருவரின் கீழ் குறைந்தது 14 வாரம் தொடர்ச்சியாக, 560 மணி நேரத்துக்குக் குறையாமல் பணியாற்றவேண்டும். மனநோய் விடுதி, முதியோர் இல்லம், புனர்வாழ்வு நிலையம், குழந்தைகள் வைத்தியசாலை என்று இடங்கள் பல. வகுப்பில் அழகாகத் தோன்றிய திட்டம், கட்டிலை விட்டு எழ மறுக்கும் ஒருவர் முன்னிலையில் என்ன ஆகிறது என்பது அங்கேதான் தெரியவரும்.

பட்டமும் பயிற்சியும் முடிந்தபின் பரீட்சையில் தேறுபவருக்கே சான்றிதழ். அதையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளவேண்டும். பொழுதுபோக்குச் சிகிச்சைக்கு நெருங்கிய உறவான தொழில்வழிச் சிகிச்சையில் நுழைவதற்கு அமெரிக்காவில் முதுகலைப் பட்டம் தேவைப்பட, இதற்கு இளங்கலையே போதும் என்பது மாணவர்களுக்கு ஓர் அநுகூலம். உட்டா, வட கரோலினா, ஓக்லகோமா, நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சில ராஜ்யங்களில்தான் சட்டப்படி உரிமம் வேண்டும். பெரும்பாலான ராஜ்யங்களில் அத்தகைய சட்டம் இல்லை, வேலைக்கு அமர்த்துபவர் கேட்கும் சான்றிதழே உரிமத்தின் ஸ்தானத்தில் நிற்கிறது.