பண்ணைக்குட்டை மீன்களில் நோய் அறிகுறிகள்: விடியற்காலையில் கவனியுங்கள்

ஆனைமலை வட்டாரத்தில் தென்னை, நெல்லுடன் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறீர்களா? மீன் செத்து மிதந்த பிறகு மருந்து தேடிப் பயனில்லை. அதற்கு முன்பே மீன் காட்டும் அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லா மீனுமா, சில மீனா?

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் சோர்ந்தால் பெரும்பாலும் கோளாறு தண்ணீரில். சில மீன்களில் மட்டும் புண், ஒட்டுண்ணி தெரிந்தால் அது நோய்.

ஆக்சிஜன் குறைவு

பகல் வெயிலில் பாசி உண்டாக்கும் ஆக்சிஜனை, இரவில் பாசியும் மீனும் சேர்ந்தே செலவழிக்கின்றன. அதனால் சூரியன் உதிக்கும் முன் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கும். மழை மூட்டம் தொடரும் நாட்களில் இது அதிகம். தென்னை மட்டையும் ஓலையும் குட்டையில் விழுந்து அழுகினாலும் ஆக்சிஜன் குறையும்.

உடனே தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள். இல்லையென்றால் குட்டைத் தண்ணீரையே மோட்டாரில் எடுத்து உயரத்திலிருந்து விழ விடுங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருப்பது நல்லது.

புண் நோய்

பனிக்காலத்தில் உடலில் சிவப்புப் புள்ளி தோன்றி, ஆழமான புண்ணாகும். இது ஒருவகைப் பூஞ்சணத்தால் வருவது. புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதற்காக உருவாக்கிய மருந்து 'சிஃபாக்ஸ்'. ஒரு மீட்டர் ஆழத்துக்கு எக்டருக்கு 1 லிட்டர், அதாவது ஏக்கருக்கு 400 மில்லி வீதம் தண்ணீரில் கலந்து பரவலாகத் தெளிக்க வேண்டும்.

மீன் பேன்

மீன் துள்ளும், கரையிலும் கல்லிலும் உடலை உரசும். பிடித்துப் பார்த்தால் செதிலில் தட்டையான, வட்டமான பேன் ஒட்டியிருக்கும். இது குச்சி, கல் போன்றவற்றில் முட்டையிடும். குட்டையில் மூங்கில் பட்டைகளை நட்டு, வாரம் ஒருமுறை எடுத்து வெயிலில் நன்றாகக் காயவிட்டால் முட்டைகள் அழியும்.

தவிர்க்க வேண்டியவை

கார அமில நிலை பார்க்காமல் சுண்ணாம்பு போடாதீர்கள். 8.5-க்கு மேல் இருக்கும்போது போட்டால் அம்மோனியாவின் நஞ்சு கூடும். தென்னைக்கும் நெல்லுக்கும் அடிக்கும் பூச்சிமருந்து குட்டையில் கலக்காமல் வரப்பை உயர்த்துங்கள். செத்த மீனைக் குட்டையிலேயே விடாமல், சுண்ணாம்பு போட்டுத் தொலைவில் புதையுங்கள்.

காரணம் தெரியாவிட்டால், உயிருள்ள நோயுற்ற மீனையும் ஒரு பாட்டில் குட்டைத் தண்ணீரையும் மீன்வளத் துறை அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள். செத்து அழுகிய மீனை வைத்து நோயைக் கண்டறிவது கடினம்.