சென்ட்ரல் போர்டுல ஒரு 'லை'

2020 ஜூலை 31. சென்னை சென்ட்ரல் மெட்ரோ, 'புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல் மெட்ரோ' ஆச்சு. இவ்வளவு நீளப் பேருக்கு எந்த ஃபாண்ட் போட்டாலும் ஒடுக்கித்தான் அடக்கணும். ஒடுக்கினா தூரத்துல இருந்து படிக்கிறது கஷ்டம். அது டிசைனர் தலைவலி. என் கண்ணு நின்னது 'தலைவர்'ல வர்ற 'லை' மேல.

வீராம்பட்டினத்துல எங்க ஆயா எழுதினா, அந்த எழுத்துக்கு முன்னாடி யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். பெரியார் அதை 1935லயே 'குடி அரசு'ல விட்டுட்டார். தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்டது 1978ல. யார் ஆட்சி? எம்.ஜி.ஆர் ஆட்சி! தன் பட்டத்தோட எழுத்து போர்டுல எப்படி நிக்கணும்னு, 42 வருஷம் முன்னாடியே அவர் அரசே ஆணை போட்டிருக்கு.

ஆயாகிட்ட போட்டோ காட்டினேன். "தும்பிக்கையை ஏன்டா வெட்டுனாங்க?"ன்னாங்க.