வேண்டாமென்ற நகரம்

1972 ஆகஸ்டில் உகாண்டாவின் இடி அமீன், பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்த ஆசியர்கள் 90 நாள்களுக்குள் வெளியேற வேண்டுமென அறிவித்தார். குழந்தைகளுடன் புறப்பட்ட குடும்பங்கள் பிரிட்டனில் எந்த ஊரில் குடியேறுவது என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

வீட்டுவசதியும் பள்ளி இடங்களும் போதவில்லை, எங்கள் ஊருக்கு வரவேண்டாம் என லெஸ்டர் நகரமன்றம் ‘உகாண்டா ஆர்கஸ்’ நாளிதழில் விளம்பரமே கொடுத்தது. அரசின் மீள்குடியேற்ற வாரியமும் லெஸ்டரைத் தவிர்க்கவேண்டிய ‘சிவப்பு’ப் பகுதியாக வகைப்படுத்தியது. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் அங்கேயே சென்றனர்.

முன்பே குடியேறியிருந்த உறவினரும், குஜராத்தி பேசும் அண்டைவீட்டாரும், ஆலை வேலையும் அவர்களை பெல்கிரேவ் போன்ற பகுதிகளுக்கு ஈர்த்தன. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும்போது குழந்தையை ஒப்படைக்க அடுத்த தெருவிலேயே சொந்தமொழி பேசும் ஒரு வீடு இருப்பது சிறிய வசதியன்று. காலி வீடுகளைக் கணக்கிட்டு வகுத்த கொள்கை இதைக் கருதவில்லை.

பெல்கிரேவ் சாலையின் தீபாவளி விளக்குகள் இன்று அந்நகரின் பெருமிதம்.