விண்மீன் படமும் அதன் விலையும்

வானத்தைக் கண்ணால் கண்டு மகிழ்வதற்குக் காசு தேவையில்லை. அதனைப் படமாகப் பதித்து வைக்க விரும்பியவர்களோ தொடக்கம் முதலே பெரும்பொருள் செலவிட வேண்டியவராயினர். வானியலைத் தொழிலாகக் கொள்ளாது ஆர்வத்தால் மேற்கொண்டோரிடையே இச்செலவு எவ்வாறு உருமாறி வந்தது என்பது ஆராய்தற்குரியது. படச்சுருளே மலிவானது, இலக்கவியல் கருவி செல்வர்க்கே உரியது என்பார் ஒரு சாரார். கருவியை ஒருமுறை வாங்கிவிட்டால் பின்னர்ச் செலவே இல்லை என்பார் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மை பாதியே உள்ளது.

1840-இல் நியூயார்க் நகரில் ஜான் வில்லியம் டிரேப்பர் திங்களைப் படம் எடுத்தார். அவர் மகன் ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் விண்மீன் குழுவிலுள்ள ஒளிமுகிலை 51 நிமிடம் ஒளி பதியச் செய்து படமாக்கினார். ஹென்றி தொழிலால் மருத்துவர். ஆயினும் அவர்தம் மனைவி அன்னா பெருஞ்செல்வர் ஒருவரின் மகள் என்பதை மறத்தல் ஆகாது. 1883-இல் இங்கிலாந்தின் ஈலிங் என்னுமிடத்தில் அதே ஒளிமுகிலைப் படமெடுத்துக் கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களையும் அதில் காட்டிய ஆண்ட்ரூ காமன் ஒரு பொறியாளர். அவரிடமிருந்த ஆடி 36 அங்குல விட்டமுடையது. 1888-இல் ஆந்திரமேடாவின் சுருள் வடிவைப் படத்தில் வெளிப்படுத்திய ஐசக் ராபர்ட்ஸ் கட்டடத் தொழிலில் பொருளீட்டியவர். ஆர்வலர் என்னும் சொல் அந்நாளில் பொருள் வளம் உடையோரையே குறித்தது எனலாம்.

இந்நிலையை மாற்றியது 35 மில்லிமீட்டர் படச்சுருள். 1972-இல் வந்த ஒலிம்பஸ் ஓ.எம்.-1, 1976-இல் வந்த பென்டாக்ஸ் கே1000 போன்ற கருவிகளின் ஒளித்திரை முற்றிலும் பொறிமுறையால் இயங்குவது. மின்கலம் இல்லாமலே அதனை மணிக்கணக்கில் திறந்து வைக்கலாம். மாத ஊதியம் பெறும் ஆசிரியரோ எழுத்தரோ வாங்கக்கூடிய கருவிகள் இவை. ஒரு சுருளில் 36 படங்கள். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு படத்தின் விலை மிகச் சிறிது.

அங்ஙனமாயின் செலவு எங்கே இருந்தது? படச்சுருள், தன்மேல் விழும் ஒளித்துகள் நூற்றில் ஏறத்தாழ ஒன்றிரண்டையே பதிவாக மாற்றவல்லது. போதாக்குறைக்கு, மங்கலான ஒளியில் நேரம் செல்லச் செல்ல அதன் உணர்திறன் தளர்ந்துகொண்டே வரும். இருமடங்கு நேரம் திறந்து வைத்தால் இருமடங்கு பதிவு கிடைப்பதில்லை. ஜெர்மானிய வானியலறிஞர் கார்ல் சுவார்சுசில்டு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதனை ஆராய்ந்து விளக்கினார். இக்குறையை வெல்ல ஆர்வலர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தவரான எவர்டு கிரைமர் உலர் பனிக்கட்டியால் சுருளைக் குளிரூட்டி மெசியே பட்டியலிலுள்ள பொருள்களைப் படமெடுத்தார். அப்படங்கள் 1978-இல் நூலாக வெளிவந்தன. வேறு பலர் கோடக் நிறுவனத்தின் டெக்னிக்கல் பான் என்னும் சுருளை ஹைட்ரஜனும் நைட்ரஜனும் கலந்த வளிமத்தில் இளஞ்சூட்டில் ஊற வைத்துப் பயன்படுத்தினர்.

இவற்றினும் பெரிய செலவு வேறொன்று. ஒரு படத்திற்கு ஒரு மணி நேரம் என்றால், அந்நேரம் முழுதும் வழிகாட்டும் விண்மீனைக் குறுக்கிழையில் நிறுத்திக் கண்ணை எடுக்காது நோக்கியிருத்தல் வேண்டும். காற்று சற்று வேகமாக வீசினாலும், கால் பீடத்தில் இடறினாலும் படம் கெடும். கெட்டது அன்றிரவு தெரியாது. சுருளைக் கழுவிய பின்னரே தெரியும். கழுவும் கடைக்காரர்க்கோ கருமைக்கு நடுவே சில புள்ளிகள் உள்ள படம் பழுதுபட்டதாகவே தோன்றும். சட்டங்களின் எல்லை விளங்காமல் படத்தின் நடுவே கத்தரித்துவிடுவதும் உண்டு. அதற்கு அஞ்சியே ஆர்வலர்கள் சுருளின் முதற்படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து வைத்தனர். சுருளை வெட்டாமல் தருமாறும் சொல்லி அனுப்பினர். தவறு செய்வதற்கு விதிக்கப்பட்ட வரி என்று இதனைக் கூறினால் பொருந்தும். பயில்வோர் மிகுதியாகச் செலுத்திய வரி அது.

சி.சி.டி. என்னும் ஒளியுணர் சில்லுக்கு வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வித்திட்டனர். 2009-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். விழும் ஒளியில் பெரும்பகுதியைப் பதிவாக்கும் ஆற்றலுடையது அச்சில்லு. எனினும் ஆர்வலர் கைக்கு அது உடனே வந்து சேரவில்லை. 1994-இல் ரிச்சர்டு பெர்ரியும் நண்பர்களும் எழுதிய நூல் ஒன்று, சி.சி.டி. படக்கருவியை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையைக் கற்பித்தது. அதிலுள்ள சிறிய கருவிக்கான சில்லில் இருந்த படப்புள்ளிகள் 192-க்கு 165 மட்டுமே; அதன் பக்கம் 3 மில்லிமீட்டரையும் எட்டாது. படச்சுருளின் சட்டமோ 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பில் நூறு மடங்குக்கும் மேல்! ஒரு விண்மீன் குழு முழுவதையும் படமாக்க விரும்பியவர்க்கு அச்சில்லால் என்ன பயன்? 1997-இல் ஹேல்-பாப் வால்மீன் தோன்றியபோது ஆர்வலர் பலர் படச்சுருளையே நம்பியதற்கு இதுவே காரணம்.

2003-இல் கேனன் நிறுவனம் 300டி என்னும் இலக்கவியல் படக்கருவியை, வில்லை நீங்கலாக, 899 அமெரிக்க வெள்ளிக்கு விற்றது. வில்லையை மாற்றவல்ல அவ்வகைக் கருவி 1,000 வெள்ளிக்குக் கீழ் இறங்கியது அதுவே முதன்முறை. எடுத்த படம் அடுத்த நொடியே கண்முன் தோன்றிற்று. ஒரு மணி நேரம் திறந்து வைக்காமல் சில நிமிடப் படங்கள் பலவற்றை எடுத்துக் கணினியில் ஒன்றாகத் திரட்டலாம் என்பதால், அவற்றுள் ஒன்று கெட்டால் அதனை மட்டும் நீக்கினால் போதும். இலக்கவியல் தந்த உண்மையான மலிவு இதுவே. சுருளின் விலை மிச்சமானதைவிடத் தவறின் விலை இல்லாமற்போனதே பெரிது. ஓராண்டில் கற்றதை ஓரிரவில் கற்க முடிந்தது.

ஆனால் இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. முன்னாளில் புதிய சுருள் வந்தால் பழைய கருவியிலேயே அதனை இட்டுக்கொள்ளலாம். முப்பதாண்டுப் பழைய கருவியும் புதிய சுருளால் புதுமை பெறும். இலக்கவியலில் சுருளும் கருவியும் ஒன்றாகிவிட்டன. மேலான சில்லு வேண்டுமெனில் கருவியையே மாற்றவேண்டும். அன்றியும், பொதுப் பயன்பாட்டுக் கருவிகளில் உள்ள வடிகட்டி, ஒளிமுகில்களின் செந்நிற ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதனைக் கழற்றத் துணிந்தவர்கள் உத்தரவாதத்தை இழந்தனர். கேனன் நிறுவனமே 2005-இல் வானியலுக்கென 20டிஏ என்னும் கருவியைத் தனியே வெளியிட நேர்ந்தது. இதற்கிடையே, 2004-ஆம் ஆண்டளவில் டெக்னிக்கல் பான் சுருளின் உற்பத்தி நின்றது. 2012-இல் கோடக் நிறுவனம் திவால் பாதுகாப்பை நாடியது.

சில்லின் விலை சரிந்த வேகத்தில் பீடத்தின் விலை சரியவில்லை. புவியின் சுழற்சிக்கு ஈடாகத் தொலைநோக்கியைப் பிசகின்றித் திருப்பும் பீடம் சுருள் காலத்திலும் தேவைப்பட்டது. இலக்கவியல் காலத்திலும் தேவைப்படுகிறது. துல்லியமான பற்சக்கரத்தைக் கடைவதற்குக் குறுக்குவழி இல்லை. அதன் அச்சைத் துருவத்தை நோக்கி நிறுத்துவதும் ஒரு வேலை. நிலநடுக்கோட்டை ஒட்டிய மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் துருவ விண்மீன் அடிவானத்தை ஒட்டியே நிற்பதால், மரங்களும் கட்டடங்களும் மூட்டமும் அதனை மறைத்துவிடும். அத்தகைய இடங்களில் வேறு விண்மீன்கள் எப்பக்கம் நழுவுகின்றன என்று நெடுநேரம் நோக்கி, பீடத்தைச் சிறுகச் சிறுகத் திருத்துவதே பழைய வழி. இன்று அவ்வேலையைச் சிறியதொரு படக்கருவியும் கணினியும் சேர்ந்து சில நிமிடங்களில் முடித்துத் தருகின்றன. அவற்றின் விலை தனி.